பாங்குக்கு முன் வரும் விளம்பரம்

அந்த விளம்பரம் வரப்போவது நாச்சியாவுக்கு ஒரு கணம் முந்தியே தெரிந்துவிடும். பாட்டு முடிந்த கையோடு வானொலி மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு சின்ன அமைதி வரும். பிறகு கிளாசுக்குள் ஐஸ்கட்டி விழுகிற சத்தம். போத்தல் மூடி திருகுகிற சத்தம். அதன் பிறகு குளுகுளுவென்று ஊற்றுகிற சத்தம். ஊரிலுள்ள கிடாரம் எல்லாவற்றையும் நிரப்பப் போகிறவர்கள் மாதிரி, அவசரமே இல்லாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஆண் மடக்மடக்கென்று குடித்துவிட்டு "ஆஆஆ" என்பான். ஒரு பெண் குழைவாள்: "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" "ஊத்து ஊத்து!" உடனே பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவார்கள்: தேன்பனி நன்னாரி, தேன்பனி நன்னாரி, தேன்பனி நன்னாரி.

முதல் தடவை கேட்டபோது எரிச்சல் மட்டும்தான் வந்தது. இப்போது அந்த அமைதி விழுந்த உடனேயே, கையில் மா ஒட்டியிருந்தாலும் மீன் செதில் ஒட்டியிருந்தாலும் குசினியிலிருந்து ஓடிவந்து சத்தத்தைக் குறைப்பாள். குறைத்துவிட்டுத் திரும்பினால், கதிரையில் சாய்ந்திருக்கும் புருஷன் ஜமால்தீன் சுவரைப் பார்த்தபடி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருப்பார்.

அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. நெல்லு மூட்டை ஏற்றிய லொறியோடு முள்ளியவளைக்கும் வவுனியாவுக்குமாய் அலைந்த மனிதர். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர். பிரஷரைக் கவனிக்காமல் விட்டதுதான் என்றார்கள் சிலர். காரணம் எதுவானால் என்ன, கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. முதலில் காலில் தேங்கும், பிறகு நெஞ்சில் தேங்கும். நெஞ்சுக்கு வந்துவிட்டால் மனிதர் கட்டிலில் இருந்தபடியே தண்ணீரில் தாழ்ந்துபோவார். ஆஸ்பத்திரியில் ராஜினி என்ற தாதி, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவள், வெறும் போத்தல் ஒன்றில் பாதிக்கும் கீழே பேனையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அம்மா. தேத்தண்ணி, சொதி, கஞ்சி எல்லாம் இதுக்குள்ளதான். ஐயா கெஞ்சுவார். நீங்க இரங்கக்கூடாது."

"இரங்க மாட்டன் மிஸ்ஸி."

இரங்காமல் இருப்பது என்றால் என்னவென்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. ஃபில்டர் தண்ணீர்க் கானை அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வது என்று பிறகு தெரிந்தது. கிணற்று வாளியின் கயிற்றை அவிழ்த்து எடுத்து வைப்பது என்று தெரிந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை அவர் ஒளு எடுக்கிற நேரம்தான். தொழுகைக்கு முன் வாய் கொப்பளிக்கிற தண்ணீரை அவர் துப்புகிறாரா, விழுங்குகிறாரா என்று கதவுக்குப் பின்னால் காது கொடுத்து நிற்பாள். அல்லாஹ்வைத் தொழப் போகிற மனிதரைக் கள்வனைப்போலக் காவல் காக்கிற பெண்சாதி உலகத்தில் வேறு யார் இருப்பாள் என்று நினைப்பாள். துப்புகிற சத்தம் கேட்காவிட்டால் கதவில் தட்டுவாள். உள்ளேயிருந்து "துப்பிட்டன், துப்பிட்டன்" என்பார், வகுப்பில் அகப்பட்ட பிள்ளையின் குரலில்.

அவர் முன்னால் அவளும் தண்ணீர் குடிப்பதில்லை. குசினியின் பின்பக்கம் போய், சுவரோடு ஒட்டி நின்று, ருசி தெரியாத வேகத்தில் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவர் முகத்தைப் பார்த்தால் அது அவருக்குத் தெரியும் என்று தெரியும். சில நாட்களில், குடித்துத் தீர்க்கட்டும், ஒரேயடியாக முடியட்டும் என்று ஒரு எண்ணம் வந்துவிடும். அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ் என்று வாய் முணுமுணுக்கும். எண்ணம் போகாது, மனத்தின் ஒரு மூலையில் போய்க் குந்திக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த விளம்பரம். வானொலியை நிறுத்தவும் முடியாது. அது ஒன்றுதான் அவருக்குத் துணை. சந்தியில் கடை வைத்திருக்கிற முன்ஸிர், ஜமால்தீனின் சாச்சா மகன். ஒருநாள் சீனி வாங்கப் போன இடத்தில் அவனிடம் சொல்லி ஆற்றினாள். அவனுடைய கடை வானொலியிலும் அப்போது அதே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உதைக் கேட்டா எனக்கே வாந்தி வருது மதினி," என்றான் முன்ஸிர். "அங்க பாருங்கோ, ஒரு பெட்டி எடுத்துப் போட்டனான். மேல தூசி படிஞ்சு கிடக்கு. ஒரு போத்தல் போகேல்ல. சனம் எரிச்சலில மற்ற சர்பத்தை வாங்கிக்கொண்டு போகுது. உந்தக் கத்தலுக்குக் காசு குடுக்கிறவனுக்கு விசர்."

"அப்ப உது வேலை செய்யாதெண்டு சொல்லுறியோ?"

"ஆருக்கு வேலை செய்யும்? கழுதைக்கும் செய்யாது."

அவள் சீனிப் பையை எடுத்துக்கொண்டாள். ஒரு போத்தலும் வாங்க முடியாத ஒரு மனிதருக்கு அது நாள் முழுக்க வேலை செய்கிறது என்பதை எப்படிச் சொல்வது? போத்தல் விற்பதற்காகச் செய்த சத்தம், தாகத்தை மட்டும் விற்றுக்கொண்டிருந்தது.

நோன்பு மாதம் வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, பிடிக்க முடியாவிட்டால் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் மௌலவி அவருக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பிறை கண்ட அன்று பின்னேரம் ஜமால்தீன் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"நாச்சியா, நான் நோன்பு பிடிக்கப் போறன்."

"மௌலவி என்ன சொன்னவர்?"

"அவர் சொல்லட்டும். புள்ள, யோசிச்சுப் பார். மற்ற மாசமெல்லாம் நான் மட்டும்தான் தாகத்தில கிடக்கிறன். இந்த மாசம் ஊரே கிடக்கும். நானும் மனிசரோட மனிசரா இருந்து பார்க்கிறன்."

அவள் மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. நோன்பு பிடித்தால் பகல் முழுக்க ஒரு சொட்டும் குடிக்க மாட்டார். ஒளு எடுக்கும்போது கதவுக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை. எனக்குக் கள்ளம் செய்கிற மனிதர் அல்லாஹ்வுக்குச் செய்ய மாட்டார். பகலை அவன் பார்த்துக்கொள்ளட்டும், பின்னேரத்தை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்றால், அதை ஆஸ்பத்திரியில் யாரிடமும் கேட்க அவள் விரும்பவில்லை. கேட்டால் இல்லை என்றுவிடுவார்கள்.

ராஜினியே கேட்டாள். "ஐயா நோன்பு பிடிக்கிறேல்லத்தானே?"

"இல்லை மிஸ்ஸி," என்றாள் நாச்சியா. அந்தப் பொய் நாக்கில் ஒட்டக்கூட இல்லை.

முதல் சில நாட்கள் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் ஐஸ்கட்டி விழுந்து, போத்தல் திருகி, "ஊத்தட்டா?" என்று விளம்பரப் பெண் குழைந்தபோது ஜமால்தீன் வானொலியைப் பார்த்துச் சிரித்தார். "ஊத்தடி, ஊத்து. நாங்க நோன்பு. உன்ர பருப்பு இஞ்ச வேகாது." நாச்சியா குசினியிலிருந்து ஓடிவரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து அவளும் சிரித்தாள். சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்தபோது கண் நனைந்தது.

ஆனால் விளம்பரக்காரர்களும் நோன்பை அறிந்தவர்களாக இருந்தார்கள். நாச்சியாவின் வீடு வயல் பக்கம். பள்ளி ஒலிபெருக்கி அங்கே கேட்காது. நோன்பு திறக்க, தொழுகைக்கு அழைக்கிற பாங்கை வானொலியில்தான் கேட்பார்கள். கைபேசியில் நேரம் பார்த்துத் திறந்தால் ஜமால்தீனுக்கு நோன்பு திறந்ததாகவே படாது. அந்தப் பாங்கைத் தேன்பனி நன்னாரிக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பையும் கோடு போட்ட போத்தலும் முன்னால் இருக்க, இருவரும் பாயில் காத்திருப்பார்கள். "இன்றைய நோன்பு திறக்கும் நேரத்தை உங்களுக்கு வழங்குவது..." என்று தொடங்கி, முழுவதும் ஊற்றி, முழுவதும் குடித்து, ஆஆஆ என்ற பிறகுதான் பாங்கு வரும். அதற்குள் ஜமால்தீனின் விரல்கள் போத்தலைச் சுற்றி வெளுத்துப் போயிருக்கும். பாங்கின் முதல் சொல்லோடு கோடு வரைக்கும் இருந்தது முடிந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் சும்மா இருக்கிற போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கெஞ்சுவார். ஒரு வாய், ஒரே ஒரு வாய். அவள் ஒரு வாய் கொடுப்பாள். பிறகு இன்னொன்று.

ஒருநாள் அவருடைய கணுக்காலில் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அன்றைக்கு அவள் செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். சாரத்தை இழுத்துக் காலை மூடிவிட்டாள். நாளைக்கு மெஷின்தானே, அது எடுத்துவிடும்.

அந்த நாட்களில்தான் அவளுக்கும் அது தொடங்கியது. அவர் பார்க்க அவளும் ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்வாள். பின்பக்கம் போய்க் குடிக்கவும் வெட்கமாக இருந்தது, நோன்பு திறக்கிற தண்ணீரைக் களவாகக் குடிப்பதா என்று. நாள் முழுதும் வேலை செய்து காய்ந்த உடம்புக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் துருவினால் அந்தத் தாளத்தில் துருவினாள். தொழும்போது ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தால் ஐஸ்கட்டி விழுந்தது. அந்தக் குழைகிற பெண்ணை அடித்துக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கிளாசைப் பறித்துத் தானே குடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஒருநாள் பேரீச்சம்பழம் வாங்கப் போனவளின் வாய், அவளைக் கேளாமலே, முன்ஸிரிடம் கேட்டது: "உந்தத் தேன்பனி ஒரு போத்தல் தா."

முன்ஸிர் கையைத் தட்டிச் சிரித்தான். "யா அல்லாஹ்! கொழும்புக்குப் போன் பண்ணிச் சொல்லோணும், ஒண்டு வித்திட்டுதெண்டு. ஆருக்கு மதினி?"

"பெருநாளைக்கு ஆரும் வந்தா குடுக்க."

பெரிய போத்தல். சீலைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அலுமாரியில் மடித்த உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தாள். திறக்கவில்லை. குடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது அங்கே இருக்கிறது என்பது போதும். தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டி வைக்கப் போகிற சாட்டில் அலுமாரியைத் திறந்து அதன் குளிர்ந்த வயிற்றைத் தொட்டுவிட்டு வருவாள். இவ்வளவு காலமும் எல்லாவற்றையும் பூட்டியவள், அலுமாரியைப் பூட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. தான் வைத்தது அவருக்கும் தண்ணீர்தான் என்பது எப்படியோ அவள் புத்தியில் ஏறவில்லை.

பள்ளிக் கஞ்சியை வழக்கமாக முன்ஸிர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பான். அன்று கடையில் சனம் நெரிந்ததால் வரவில்லை. நாச்சியா தூக்குச்சட்டியோடு தானே போனாள். பள்ளி வாசலில் வரிசை நீண்டு கிடந்தது. வயல் வரம்பில் திரும்பி வரும்போதே சூரியன் இறங்கிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். படலையைத் திறக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து பாங்கு கேட்டது.

அவர் பாயில் இல்லை. அறைக்குள், அலுமாரிக்கு முன்னால், காலை நீட்டி நிலத்தில் இருந்தார். மடித்த உடுப்புகள் மடி கலையாமல் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கையில் போத்தல். முகத்தில் பால் குடித்து முடித்த குழந்தையின் களை.

"பிஸ்மி சொல்லித்தான் திறந்தனான்," என்றார்.

அவள் ஏசவில்லை. போத்தலை வாங்கி மூடினாள். அவரைத் தூக்கிக் கட்டிலில் இருத்தினாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகாமல் போகலாம் என்று கொஞ்ச நேரம் நம்பினாள். நாளை விடிந்தால் மெஷின்தானே. அப்போது அவர் இருமத் தொடங்கினார். படுக்க முடியாமல் எழும்பினார். எழும்பி இருக்க முடியாமல் முன்னால் குனிந்தார். மூச்சு, நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி, உள்ளே போகமாட்டேன் என்று சத்தமிட்டது.

முன்ஸிர் ஆட்டோவோடு வந்தான். வழியெல்லாம் நாச்சியா அவருடைய நெற்றியைத் தன் தோளில் தாங்கிப் பிடித்திருந்தாள். அவருடைய விரல்கள் அவள் கையைக் கவ்விக் கிடந்தன.

"என்ன குடிச்சவர் மதினி?" முன்ஸிர் திரும்பாமல் கேட்டான்.

"நீ தந்த போத்தல்."

அவன் குழி எதையும் பார்க்காமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒட்சிசன் மாட்டிய கையோடு ராஜினி அவளிடம் வந்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. நான் ஏச மாட்டன். என்ன நடந்தது?"

"சர்பத் குடிச்சிட்டார் மிஸ்ஸி. நான் வாங்கி வைச்சது. நோன்பும் பிடிச்சவர். முதல் நோன்பிலயிருந்து. நான்தான் விட்டனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

ராஜினி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நாச்சியாவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

மெஷின் அறைக்கு வெளியே வாங்கில் முன்ஸிர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அந்த விளம்பரம் போட்டவன்களை நிக்க வைச்சுச் சுடோணும். அது காதுக்க கத்திக் கத்தித்தானே..."

"நீதானே கழுதைக்கும் வேலை செய்யாதெண்டனீ."

"ஒரு பெட்டியில ஒரு போத்தல்தான் போனது மதினி. ஒண்டே ஒண்டு."

"ஓம். எனக்குத்தான் வேலை செய்திருக்கு," என்றாள். சொன்ன பிறகு தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவர் வருஷமா அந்த விளம்பரத்தைக் கேட்டும் ஒருநாளும் அதை வாங்கித் தா எண்டு கேக்கேல்ல முன்ஸிர். தண்ணிதான் கேட்டவர். நான்தான் வாங்கினது."

அடுத்த நாள் பின்னேரம்வரை அவரோடு பேச விடவில்லை. விடியுமுன் சஹர் சாப்பிடாமலே அவள் நோன்பை வைத்திருந்தாள். நோன்பு என்பதைவிட, வாய்க்குள் எதையும் வைக்க முடியவில்லை என்பதே சரி. உள்ளே விட்டபோது அவர் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரே இரவில் தோல் அவருக்குப் பெரிதாகிப் போயிருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது.

"அந்தப் போத்தல்," என்றார் மெதுவாக, "எனக்கெண்டு நினைச்சன். பெருநாளைக்கு எனக்குத் தர ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு. நீ போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறதைக் கண்டனான்."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "எனக்கு வாங்கினனான்."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு ஏதோ. அவள் அதை ஒரு வருஷமாக அவர் முகத்தில் கண்டதில்லை.

"அப்ப நல்லதுதான், பாதியை விட்டது," என்றார். "நீ குடிப்பாய் எண்டுதான் விட்டனான். முழுக்கக் குடிச்சிருப்பன், நாச்சியா. அவ்வளவு நல்லா இருந்திச்சு."

"எனக்கு இனி ஏலாது," என்றாள் அவள். அழாமல்தான் சொன்னாள். "திறப்பு, கயிறு, கதவுக்குப் பின்னால நிக்கிறது, ஒண்டும் ஏலாது. காவல் நிண்டு நிண்டு நான்தான் கள்ளனைக் கூட்டிவந்து வீட்டுக்க வைச்சனான். இனி உங்கட தண்ணியை நீங்களே பாருங்கோ."

"பார்க்காட்டிச் செத்துப்போவன்."

"ஓம்."

அவர் முகட்டைப் பார்த்தார். அவள் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று உடம்பு பதறியது; எடுத்தால் மறுபடி திறப்பை இடுப்பில் செருக வேண்டும் என்பதும் தெரிந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ராஜினி ஒரு கிளாஸ் தண்ணீரோடு கதவில் நின்றாள். "அம்மா, உங்கட நோன்பு திறக்கிற நேரம் வந்திட்டுது எண்டு நினைக்கிறன். நேற்றையில இருந்து ஒண்டும் குடிக்கேல்ல. வெளிய வாங்கோ, அங்க வைச்சுக் குடியுங்கோ."

நாச்சியா எழுந்து கிளாசை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில், கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறாய்?" என்றார் ஜமால்தீன். "இஞ்ச நிண்டு குடி."

"வேணாம்."

"குடி புள்ள. நான் கேக்க மாட்டன்."

கிளாசின் விளிம்பில் தண்ணீர் ஆடியது. பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள். ஒரு மிடறோடு நிறுத்தத்தான் நினைத்தாள். தண்ணீர் நாக்கில் பட்டதும் உடம்பு அவளைக் கேட்கவில்லை. கண்ணை மூடாமல், அவரைப் பார்த்தபடியே, அடிவரை குடித்தாள். அவரும் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு மிடறாக விழுங்க, அவருடைய தொண்டையும் அவளோடு சேர்ந்து ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.